எல்லா மெத்தடிலும் ட்ரை-கேட்ச் போட வேண்டுமா?

கேள்வி இது: "ஜாவா கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. எந்த மெத்தட் எழுதினாலும் உள்ளே இருப்பதை ட்ரை-கேட்ச்சுக்குள் போட்டுவிடு, புரோகிராம் விழாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்கிறேன். விழுவதில்லைதான், ஆனால் சில நேரம் தவறான விடை வருகிறது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரன்டைம் எரர், எக்செப்ஷன் இரண்டும் ஒன்றா? எங்கே பிடிப்பது, எங்கே விடுவது? சொந்தமாக எக்செப்ஷன் கிளாஸ் எழுத வேண்டுமா?"

விழாத புரோகிராம் வேண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம், நானும் அப்படித்தான். ஆனால் உங்கள் புரோகிராம் இப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, சத்தம் மட்டும் வெளியே வருவதில்லை. ட்ரைக்குள் இருக்கும் வரிகள் தோற்றால் கேட்ச் பகுதி ஓடும். அதனால் கேட்ச் என்று எழுதும்போது "இந்தச் சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். தெரியாத இடத்தில் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இதன் விளைவுகள்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கம்பைலர் பிடிக்கும் தவறு ஒரு வகை, அது ஓடவே விடாது. ஓடி முடித்துத் தவறான விடை தருவது இன்னொரு வகை, அது தர்க்கப் பிழை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போவதுதான் ரன்டைம் பிழை: இல்லாத ஃபைலைத் திறப்பது, பத்து இடமுள்ள அரேயில் பதினோராவதைக் கேட்பது, எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத 'நல்' ரெஃபரன்ஸ் மேல் மெத்தடை அழைப்பது. எக்செப்ஷன் என்பது அந்தப் பிழையைத் தெரிவிக்கும் வழிகளில் ஒன்று. எல்லா ரன்டைம் பிழையும் எக்செப்ஷனாக வருவதில்லை. ஜாவாவில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அரித்மெடிக் எக்செப்ஷன் வரும். டபுள் வகை எண்ணை வகுத்தால் எதுவும் வராது, முடிவிலி என்றோ 'எண் அல்ல' என்றோ ஒரு மதிப்பு அமைதியாகக் கையில் கிடைக்கும். இன்ட் வகையில் எண் கொள்ளளவை மீறினால் அதுவும் சத்தமில்லாமல் எதிர்மறைப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். அதைப் பிழையாக்க வேண்டுமென்றால் ஜாவா 8 முதல் இருக்கும் 'ஆட் எக்ஸாக்ட்' போன்ற மெத்தடுகளைப் பயன்படுத்த வேண்டும். சி++ இல் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன நடக்கும் என்று மொழி வரையறுக்கவே இல்லை, அங்கே ட்ரை-கேட்ச் போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஆகவே, உங்களுக்கு வரும் தவறான விடைகள் எல்லாவற்றுக்கும் கேட்ச்தான் காரணம் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

சரி, எக்செப்ஷன் ஏன் வந்தது? சி மொழியில் ஒரு ஃபங்ஷன் தோற்றால் மைனஸ் ஒன்றையோ 'நல்' மதிப்பையோ திருப்பித் தரும். அழைத்தவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்க்க மறந்தால் போதும், தவறான மதிப்பு பயணத்தைத் தொடரும். இதை மாற்றும் முயற்சி பழையது. 1960களில் பிஎல்/1 மொழியில் 'ஆன்' கண்டிஷன்கள் இருந்தன, 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய குளூ மொழியில் எக்செப்ஷன் ஒழுங்கான வடிவம் பெற்றது. ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளுக்கு இது இன்னும் அவசியமானதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குத் திருப்பித் தரும் மதிப்பே கிடையாது. ஆப்ஜெக்ட் உருவாக முடியவில்லை என்றால் அதை எப்படிச் சொல்வது? எக்செப்ஷனை எறிவதுதான் (த்ரோ) நேரான வழி. எறிந்தால் அரைகுறை ஆப்ஜெக்ட் யார் கைக்கும் போகாது.

எறியும்போது நடப்பதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். முதல் மெத்தட் இரண்டாவதை அழைத்தது, அது மூன்றாவதை அழைத்தது. மூன்றாவதில் த்ரோ நடந்தால், அங்கே பொருத்தமான கேட்ச் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இல்லையென்றால் அந்த மெத்தட் அப்படியே கைவிடப்படும், மீதி வரிகள் ஓடாது. பிறகு இரண்டாவதில் தேடல், பிறகு முதலாவதில். இப்படி அழைப்பு அடுக்கு (ஸ்டாக்) கடைசி அழைப்பிலிருந்து பின்னோக்கிப் பிரிக்கப்படும் வழியில், என்ன ஆனாலும் ஓட வேண்டும் என்று எழுதிய ஃபைனலி பகுதிகள் மட்டும் ஓடும். சி++ ஆக இருந்தால் ஆப்ஜெக்ட் அழியும்போது இயங்கும் டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். ஜாவாவில் எங்கும் பிடிக்கப்படாவிட்டால் அந்தத் திரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் அந்த இழை, முடிந்துவிடும். கவனியுங்கள், திரெட்தான் முடியும். ஜாவாவில் பல திரெட் ஓடும் புரோகிராமில் ஒன்று செத்தாலும் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், திரெட் பூலுக்கு 'சப்மிட்' மூலம் அனுப்பிய வேலையில் எக்செப்ஷன் வந்தால் அது விடையைப் பிறகு தரும் ஃப்யூச்சர் ஆப்ஜெக்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது 'கெட்' என்று கேட்கும்வரை நடந்தவற்றைப் பதியும் லாகில் ஒரு வரிகூட வராது. பைத்தானின் திரெட் பூலிலும் இதே கதைதான். "எதுவும் விழவில்லை, ஆனால் வேலையும் நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடும் இடம் அதுதான்.

எறியப்படுவதும் ஒரு ஆப்ஜெக்ட், அதற்கும் பரம்பரை உண்டு. ஜாவாவில் மூத்தது த்ரோவபிள். அதற்கு இரண்டு பிள்ளைகள்: எரர், எக்செப்ஷன். மெமரி தீர்ந்தது, ஸ்டாக் நிரம்பி வழிந்தது போன்றவை எரர் பக்கம். சாதாரண புரோகிராம் அவற்றைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. எக்செப்ஷனின் கிளைகளில் ஒன்று ரன்டைம் எக்செப்ஷன். நீங்கள் கேட்ட 'ரன்டைம் எரர்' என்ற பொதுச் சொல்லும் இந்தக் கிளாஸின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். ரன்டைம் எக்செப்ஷனின் கீழ் வருபவற்றையும் எரர் பக்கத்தையும் கம்பைலர் கண்டுகொள்வதில்லை. மற்றவை 'செக்டு' வகை: ஒன்று பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மெத்தட் தலைப்பிலேயே த்ரோஸ் என்று அறிவிக்க வேண்டும்.

பரம்பரை என்பதால் தாய் கிளாஸைப் பிடித்தால் பிள்ளைகள் எல்லாம் அதிலேயே சிக்கும். அதனால் குறிப்பானது முதலிலும் பொதுவானது கடைசியிலும் வர வேண்டும். மாற்றி எழுதினால் ஜாவாவும் சி ஷார்ப்பும் கம்பைல் செய்ய மறுக்கும். பைத்தான் ஒன்றும் சொல்லாது, கீழே உள்ள பகுதி எந்தக் காலத்திலும் ஓடாமல் கிடக்கும். பைத்தானில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வெறும் 'எக்செப்ட்' என்று எழுதினால் அது எல்லாவற்றுக்கும் மூத்த பேஸ் எக்செப்ஷனையே பிடிக்கும். பயனர் கன்ட்ரோல்-சி அழுத்துவதும், புரோகிராமை முடிக்கும் 'சிஸ் எக்ஸிட்' அழைப்பும் அதில் மாட்டிக்கொள்ளும். நிறுத்தவே முடியாத ஸ்கிரிப்ட் ஒன்றை எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருப்போம்.

இப்போது நடைமுறையில் பயன்படும் பிரிவினைக்கு வருவோம். கிளாஸ் பெயர்களை மறந்துவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தவறு புரோகிராமிலா, வெளியுலகிலா? நெட்வொர்க் அறுந்தது, டிஸ்க் நிரம்பியது, பயனர் தேதி இடத்தில் பெயரை அடித்தது, இவை வெளியுலகம். எவ்வளவு கவனமாக எழுதினாலும் இவை வரும், இவற்றுக்குப் பதில் யோசித்து வைத்திருக்க வேண்டும். நல் பாயின்டர் எக்செப்ஷனும் அரே எல்லை மீறலும் நாம் எழுதியதில் உள்ள ஓட்டை. ஓட்டையைப் பிடித்துச் சமாளிக்கக் கூடாது, அடைக்க வேண்டும். நல் பாயின்டர் எக்செப்ஷனைக் கேட்ச்சில் பிடித்து வேறு வழியில் ஓட்டும் கோடைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வேண்டாம், அங்கே ஒரு இஃப் விட்டுப்போயிருக்கிறது, அல்லது எதுவோ தொடக்கத்தில் நிரப்பப்படவில்லை. நல் ரெஃபரன்ஸை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்த டோனி ஹோரே, அது தான் செய்த பெரும் விலை கொண்ட தவறு என்று 2009இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அவர் வைத்ததை இன்னும் நாம் சுமக்கிறோம். ஜாவா 14இல் எந்த மாறி 'நல்' மதிப்பில் இருந்தது என்று செய்தியிலேயே சொல்லும் வசதி வந்தது, 15 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது. பழைய பதிப்பில் இருந்தால் இதற்காகவே மாறலாம்.

செக்டு எக்செப்ஷன் நல்லதா கெட்டதா என்பது ஓயாத சண்டை. எண்ணம் நல்ல எண்ணம்தான்: அழைப்பவரை யோசிக்கவைப்பது. நடப்பதோ வேறு. அவசரத்தில் இருப்பவர் கம்பைலர் கத்தலை நிறுத்த ஒரு காலிக் கேட்ச்சைப் போட்டுவிட்டு நகர்கிறார். சி ஷார்ப் வடிவமைத்தவர்கள் அதைத் தெரிந்தே சேர்க்கவில்லை. ரஸ்ட் மொழி எக்செப்ஷனையே தவிர்த்து, வெற்றியையோ பிழையையோ சுமக்கும் ஒரே மதிப்பாகத் திருப்பித் தரவைக்கிறது. கோ மொழி பிழையைத் தனி மதிப்பாகத் திருப்பித் தருகிறது. என் கருத்து கேட்டால், அழைப்பவர் உண்மையில் வேறு வழி எடுக்க முடியும் என்ற இடத்தில் மட்டும் செக்டு பொருந்தும். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு.

காலிக் கேட்ச் பற்றி என் அனுபவம் ஒன்று. ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது, இரவில் ஓடி ஒரு பெரிய ஃபைலை வரிவரியாகப் படித்து டேட்டாபேஸில் சேர்க்கும் வேலை ஒன்றை எழுதினேன். லூப்புக்குள் ட்ரை, ஒரு வரி சரியில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும் என்று கேட்ச்சில் ஒன்றும் எழுதவில்லை. 'பிறகு லாக் சேர்க்கலாம்' என்று ஒரு கமென்ட் மட்டும் போட்டேன். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அனுப்புபவர்கள் ஒருநாள் எண்களில் காற்புள்ளி போட ஆரம்பித்தார்கள். எண்ணாக மாற்றும் இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகை உள்ள எல்லா வரியும் தோற்றது. தினமும் இரவு "வேலை வெற்றிகரமாக முடிந்தது" என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்தான் கண்டுபிடித்தார். கேட்ச் இல்லாமல் இருந்திருந்தால் முதல் இரவே விழுந்திருக்கும், மறுநாள் காலை பத்து நிமிட வேலை. விட்டுவிட்டுத் தொடர்வது என்ற முடிவே தவறு என்று சொல்லவில்லை. விட்டவற்றை எண்ணி, எந்த வரி ஏன் தோற்றது என்று எழுதிவைத்து, நூற்றுக்கு இவ்வளவுக்கு மேல் போனால் மொத்தத்தையும் நிறுத்து என்று வரம்பு வைத்திருந்தால் அது ஒரு முடிவு. நான் செய்தது சோம்பல்.

அப்படியானால் எங்கேதான் பிடிப்பது? மூன்று விதமான இடங்களில் எனக்கு நியாயம் தெரிகிறது. முதலாவது, மாற்று வழி கையில் இருக்கும் இடம்: கேஷ் எனும் தற்காலிகச் சேமிப்பு கிடைக்கவில்லை, நேரே டேட்டாபேஸில் படிக்கலாம். இரண்டாவது, ஒரு அடுக்கின் எல்லை. மேல் அடுக்குக்கு டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை என்றால், சேமிப்பு அடுக்கு எஸ்கியூஎல் எக்செப்ஷனைப் பிடித்து 'பயனர் விவரத்தைப் படிக்க முடியவில்லை' என்ற தன் சொந்த எக்செப்ஷனாக மாற்றி எறியலாம். மூன்றாவது, ஆக மேலே உள்ள வாசல்: வெப் கோரிக்கையை ஏற்கும் இடம், மெசேஜ் எடுக்கும் லூப், மெயின் மெத்தட். அங்கே எல்லாவற்றையும் பிடித்து, முழு விவரத்தை லாகில் எழுதி, பயனருக்கு ஒரு நாகரிகமான செய்தி காட்டி, அடுத்த கோரிக்கைக்குப் போகலாம். நடுவில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெத்தடுகளில் ட்ரை என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு நேர் எதிர், தெரிகிறது.

மாற்றி எறியும்போது மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஜாவாவில் புது எக்செப்ஷனின் கன்ஸ்ட்ரக்டருக்குப் பழையதைக் காரணமாகக் கொடுக்க வேண்டும். பைத்தான் 3இல் 'ரெய்ஸ்' வரியில் 'ஃப்ரம்' சேர்க்க வேண்டும். சி ஷார்ப்பில் பிடித்ததையே மறுபடி எறிய வெறும் 'த்ரோ' என்று எழுதினால் ஸ்டாக் டிரேஸ், அதாவது பிழை எந்தெந்த மெத்தட் வழியே வந்தது என்ற பட்டியல், அப்படியே இருக்கும், பக்கத்தில் மாறியின் பெயரையும் சேர்த்து எழுதினால் டிரேஸ் அந்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். ஒரு சொல்தான் வித்தியாசம், பாதி நாள் போய்விடும். சி++ இல் மாறியைக் குறிப்பிட்டு எறிந்தால் இன்னொரு இழப்பும் சேரும்: பிள்ளை கிளாஸின் பகுதி வெட்டப்பட்டுத் தாய் மட்டும் போகும். அதே காரணத்துக்காக அங்கே மதிப்பாகப் பிடிக்காமல் எப்போதும் ரெஃபரன்ஸாகப் பிடிக்க வேண்டும். அப்புறம், பிடித்து லாக் எழுதி மறுபடி எறிவது என்பதை ஒவ்வொரு அடுக்கிலும் செய்யாதீர்கள். ஒரே பிழை லாகில் ஐந்து தடவை வரும், ஐந்து பிழை என்று நினைத்துத் தேடுவீர்கள்.

இனி வருவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன், புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. பிடிப்பது சுலபம். பிடித்த பிறகு ஆப்ஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பாடு. ஒரு கிளாஸ், உள்ளே ஆவணங்களின் பட்டியல், பக்கத்திலேயே பெயரை வைத்துத் தேட ஒரு மேப். 'சேர்' என்ற மெத்தட் முதலில் பட்டியலில் சேர்க்கிறது, அடுத்து ஆவணத்திடம் பெயரைக் கேட்கிறது, பிறகு மேப்பில் போடுகிறது. பெயரைக் கேட்கும் இடத்தில் எக்செப்ஷன் வந்தால்? பட்டியலில் இருக்கிறது, மேப்பில் இல்லை. மேலே யாரோ பிடித்து "பரவாயில்லை, தொடர்வோம்" என்கிறார். அடுத்த அரை மணி நேரம் எண்ணிக்கை ஒன்று சொல்லும், தேடல் வேறு சொல்லும். உங்களுக்கு வரும் தவறான விடை இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்கு மருந்து ட்ரை-கேட்ச்சில் இல்லை, வரிகளின் வரிசையில் இருக்கிறது. தோற்கக்கூடிய வேலைகளை எல்லாம் முதலில் செய்யுங்கள்: உள்ளே வந்ததைச் சரிபார்ப்பது, பெயரைக் கேட்பது, கணக்கிடுவது. தோற்க வாய்ப்பில்லாத சிறு மாற்றங்களைக் கடைசியில் சேர்த்து வையுங்கள். பெரிய மாற்றமாக இருந்தால் நகல் ஒன்றில் எல்லாவற்றையும் செய்து முடித்து, இறுதியில் பழையதற்குப் பதில் புதியதை ஒரே அசைவில் மாற்றுங்கள். சி++ உலகில் இதற்குப் படிநிலைகளே வைத்திருக்கிறார்கள், டேவிட் ஆபிரகாம்ஸ் வகுத்தது: எக்செப்ஷன் வந்தாலும் ஆப்ஜெக்ட் முரண்பாடில்லாமல் இருக்கும் என்பது அடிப்படை உறுதி, ஒன்று முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடந்திராது என்பது வலுவான உறுதி, எறியவே எறியாது என்பது மூன்றாவது. ஜாவாவோ பைத்தானோ எழுதும்போதும் இந்த மூன்றில் எதைத் தருகிறேன் என்று ஒவ்வொரு பொது மெத்தடுக்கும் கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பதில் "தெரியவில்லை" என்றால் அந்த மெத்தடை மறுபடி வாசிப்பேன்.

சுத்தம் செய்யும் வேலை, அதாவது ஃபைலை மூடுவது, கனெக்ஷனைத் திருப்பித் தருவது, இதற்கெல்லாம் ஃபைனலியைக் கையால் எழுதாதீர்கள். ஜாவா 7 முதல் ரிசோர்ஸோடு சேர்ந்த ட்ரை இருக்கிறது, பைத்தானில் 'வித்', சி ஷார்ப்பில் 'யூசிங்'. சி++ இல் ஃபைனலியே கிடையாது, தேவைப்படுவதும் இல்லை, டிஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்கிறது. ஜாவாவின் அந்த ட்ரையில் ஒரு நுணுக்கம்: உள்ளே ஒரு எக்செப்ஷன் வந்து, மூடும்போது இன்னொன்றும் வந்தால், முதலாவதுதான் வெளியே வரும், இரண்டாவது அதோடு 'அடக்கப்பட்டது' என்று ஒட்டப்பட்டிருக்கும். கையால் எழுதிய ஃபைனலியில் தலைகீழாக நடக்கும். மூடும்போது வந்த உப்புச்சப்பில்லாத பிழை வந்து உண்மையான காரணத்தை விழுங்கிவிடும். ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதுவது இன்னும் கொடுமை, வந்துகொண்டிருந்த எக்செப்ஷன் சுவடில்லாமல் மறையும். டிஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து எறிவதும் கூடாது. சி++11 முதல் டிஸ்ட்ரக்டர்கள் இயல்பாகவே எறியாதவை என்று கொள்ளப்படுகின்றன. மீறி ஒன்று வெளியே வந்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

மரபுரிமை விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தாய் கிளாஸின் மெத்தட் எறியாத ஒன்றைப் பிள்ளை எறியத் தொடங்கினால், தாயை நம்பி எழுதிய கோட் எல்லாம் உடையும். செக்டு வகையில் இதை ஜாவா கம்பைலரே தடுத்துவிடும். மற்றவற்றில் நம் நாணயம்தான். 'சேர்' என்ற மெத்தட் இருக்கும் லிஸ்டைக் கேட்டு வாங்கி அழைத்தால், இது மாற்ற முடியாத லிஸ்ட் என்று எக்செப்ஷன் வருவதை ஜாவாவில் பார்த்திருப்பீர்கள். மொழியின் சொந்த நூலகமே செய்த சமரசம் அது. பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளாஸ் முதன்முதலில் பயன்படும்போது ஒருமுறை ஓடும் ஸ்டாடிக் பகுதியில் எக்செப்ஷன் வந்தால் ஜாவா வேடிக்கையாக நடந்துகொள்ளும். முதல் தடவை 'எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்' என்று உண்மையைச் சொல்லும். அடுத்தடுத்த தடவைகளில் கிளாஸ் வரையறை கிடைக்கவில்லை என்றே சொல்லும். கிளாஸ்கள் அடங்கிய ஜார் ஃபைல் விட்டுப்போயிற்றோ என்று தேடுவதற்கு முன் லாகில் மேலே போய் முதல் பிழையைப் பாருங்கள்.

சொந்த எக்செப்ஷன் கிளாஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழைப்பவர் அதைத் தனியாகப் பிடித்து வேறு மாதிரி நடந்துகொள்வார் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் இருக்கும் 'இல்லீகல் ஆர்க்யுமென்ட்', 'இல்லீகல் ஸ்டேட்' போதும். எழுதினால் அதற்குள் தகவலை வையுங்கள்: எந்த ஐடி, எந்த மதிப்பு, என்ன எதிர்பார்த்தோம். "தவறான உள்ளீடு" என்ற செய்தியால் நள்ளிரவில் எழுப்பப்பட்டவருக்கு எந்த உதவியும் இல்லை. "ஆர்டர் 4812இல் எண்ணிக்கை மைனஸ் 3, ஒன்றுக்குக் குறையக் கூடாது" என்றால் திரும்பித் தூங்கப் போகலாம். கடவுச்சொல் போன்றவற்றை மட்டும் செய்தியில் கலந்துவிடாதீர்கள், அது லாகில் போய் வருடக்கணக்கில் கிடக்கும்.

வேகம் பற்றிய கவலை பெரும்பாலும் வீண். எறியாதவரை ட்ரைக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. எறியும்போது ஸ்டாக் டிரேஸைச் சேகரிப்பதில்தான் ஜாவாவுக்குச் செலவு. அதனால் லூப் முடிந்ததை அறிய எக்செப்ஷனை எதிர்பார்ப்பது போன்ற வேலைகளைத் தவிர்க்கலாம். பைத்தானில் மட்டும் மரபு வேறு. அங்கே ஒவ்வொரு ஃபார் லூப்பும் உள்ளுக்குள் 'ஸ்டாப் இட்டரேஷன்' என்ற எக்செப்ஷனில்தான் முடிகிறது. ஜாவாவில் இன்னொரு விசித்திரம்: நீண்ட நாள் ஓடும் சர்வரில் ஒரே இடத்தில் நல் பாயின்டர் எக்செப்ஷன் திரும்பத் திரும்ப வந்தால், ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் அந்தக் கோடை மேம்படுத்தும்போது ஸ்டாக் டிரேஸையே விட்டுவிடும். லாகில் வெறும் பெயர் மட்டும் வரும். பயப்பட வேண்டாம், லாகில் பின்னோக்கிப் போனால் ஆரம்பத்தில் வந்தவை முழு டிரேஸோடு இருக்கும்.

கடைசி வாசலில் பிடிப்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்பதற்கு 1996 ஜூன் 4ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் அன்று. அதன் திசையறி கணினியில் கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஏடா மொழிக் கோட் இருந்தது, ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்தது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம், எண் கொள்ளவில்லை, எக்செப்ஷன் வந்தது. அந்த வகை ஆபத்து உள்ள ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் சுமையைக் கட்டுக்குள் வைக்க மற்ற மூன்றை விட்டிருந்தார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் அந்த மூன்று அல்ல. எந்த எக்செப்ஷன் வந்தாலும் பிழையைத் தெரிவித்துவிட்டுக் கணினியை நிறுத்திவிடு என்று பொதுவாக ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். வன்பொருள் பழுதென்றால் அது சரி, மாற்றுக் கணினி பொறுப்பேற்கும். ஆனால் மாற்றிலும் ஓடியது அதே கோட். அது 72 மில்லிசெகண்டு முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. நின்ற கணினி அனுப்பிய பிழை விவரத்தை ராக்கெட்டைச் செலுத்தும் முதன்மைக் கணினி பறப்புத் தரவு என்று நினைத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. பறப்பு வரிசை தொடங்கி சுமார் 40 செகண்டில், 3700 மீட்டர் உயரத்தில் உடைந்து சிதறியது. எண்ணை மாற்றிய அந்தப் பகுதிக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5இல் எந்த வேலையும் இல்லை என்பது விசாரணை அறிக்கையில் வந்த தகவல்.

மறுபடி முயல்வது பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட் வந்தால் மறுமுனையில் வேலை நடக்கவில்லை என்று பொருள் கிடையாது; நடந்து முடிந்து, பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். இரண்டு தடவை செய்தாலும் ஒரு தடவை செய்ததன் பலனே வரும் என்ற வேலைகளை மட்டும் கேட்ச்சுக்குள் திரும்ப முயலுங்கள்.

உங்கள் புரோகிராமுக்கு இப்போது என்ன செய்வது? எல்லா ட்ரை-கேட்ச்சையும் ஒரேயடியாக அழிக்க வேண்டாம், ஒரே நாளில் எல்லாம் கொட்டினால் மிரண்டுவிடுவீர்கள். முதலில் ஒவ்வொரு கேட்ச்சுக்குள்ளும் முழு ஸ்டாக் டிரேஸை லாகில் எழுதுங்கள். செய்தியை மட்டும் எழுதினால் போதாது. இரண்டு நாள் ஓடவிட்டு லாகைப் படியுங்கள். எந்த கேட்ச் அடிக்கடி வேலை செய்கிறது என்று தெரியும், அங்கே இருக்கும் ஓட்டையை அடையுங்கள். ஒருமுறைகூட வேலை செய்யாதவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இங்கே உண்மையில் எனக்கு ஒரு பதில் தெரியுமா என்று பாருங்கள். தெரியாதென்றால் கேட்ச்சை எடுத்துவிட்டு மெயினிலோ கோரிக்கை வாசலிலோ ஒன்றே ஒன்றை வையுங்கள். மிச்சமிருக்கும் கேட்ச்களுக்கு ஒவ்வொரு டெஸ்ட் எழுதுங்கள், வேண்டுமென்றே பிழையை எறியும் போலி ஆப்ஜெக்டைக் கொடுத்து. அந்த டெஸ்டில் எக்செப்ஷன் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், வந்த பிறகு பட்டியலும் மேப்பும் ஒத்துப்போகின்றனவா என்றும் சரிபாருங்கள்.